கிளியம்மாள் பெரியம்மாவின் பென்ஷனும் என் வயிற்றெரிச்சலும்

வடக்குப்பட்டு,
ஐப்பசி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் சுகப்பிரியாவுக்கு, அம்மா எழுதுவது. இங்கே அப்பாவின் இடுப்பைத் தவிர மற்றதெல்லாம் நல்லபடியாக இருக்கிறது, அங்கே குஜராத்தில் நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கிறீர்கள் என்று எண்ணிக்கொண்டு இதை எழுதுகிறேன். தீபாவளிக்கு வரமுடியாது என்று நீ சொன்னதிலிருந்து அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார், பட்டாசே வேண்டாம் என்கிறார், குனிந்து திரி கிள்ளுவதற்கு அவருக்கு இடுப்பு எங்கே இருக்கிறது, ஆனால் அதை நான் சொல்லவில்லை. பார்சலில் முறுக்கும் தேன்குழலும் வைத்திருக்கிறேன், முதலில் தேன்குழலைத் தீர்த்துவிடு, அது சீக்கிரம் சவுத்துப்போகும். இங்கே நல்ல மழை, ஓரகடம் கூட்ரோட்டில் தண்ணீர் நின்று கம்பெனி பஸ் தினமும் தாமதம். நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன், நீல யூனிபார்ம், கழுத்தில் அட்டை, பின்னால் பளபளவென்று தரை, ஏசி வேறு. சந்தோஷமாகத்தான் இருந்தது, கூடவே கொஞ்சம் வயிறும் எரிந்தது. பெற்ற பெண்ணைப் பார்த்து யாருக்காவது எரியுமா என்று கேட்காதே, எரிகிறது. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே உனக்கு பி.எஃப் நம்பர் கொடுத்துவிட்டார்களாம், நிரந்தர வேலையாம், உன் அம்மாவுக்கு இத்தனை வருஷம் ரப்பர் நாற்றத்தில் நின்றும் அந்த வார்த்தையை ஒருவரும் சொல்லவில்லை.

ஆனால் உன்னைப் பார்த்து எரிவது அடுப்புச் சூடு மாதிரி, கொஞ்ச நேரத்தில் ஆறிவிடும். உன் பெரியம்மா கிளியம்மாளைப் பார்த்து எரிவது ஆறவே ஆறாது, அது உனக்கே தெரியும். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அகவிலைப்படி உயர்வு என்று டிவியில் செய்தி வந்தால் அவள் சத்தத்தைக் கூட்டுவாள், எனக்குக் கேட்கட்டும் என்றுதான் கூட்டுகிறாள் என்று நான் சொன்னால், அவளுக்குக் காது மந்தம் என்பார் உன் அப்பா. உன் பெரியப்பா கோபாலும் உன் அப்பாவும் ஒரே வருஷம் எம்ப்ளாய்மென்ட்டில் பதிந்தவர்கள். ஏரி மதகு திறந்து மூடுகிற லஸ்கர் வேலைக்கு இரண்டு பேருக்கும் ஒரே நாளில் கார்டு வந்தது. அப்போதுதான் இந்தப் பக்கம் கார் கம்பெனிகள் வரப்போகின்றன என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது, இவர் என்ன செய்தார், மடை திறக்கிற வேலை யாருக்கு வேண்டும், நான் கம்பெனிக்குப் போகிறேன் என்று அந்தக் கார்டைக் கிழித்துப் போட்டுவிட்டார். பெரியப்பா வாயைத் திறக்காமல் இன்டர்வியூவுக்குப் போய்விட்டு வந்தார். பழைய பென்ஷன் என்கிற காலத்தில் சேர்ந்தவர், அதனால் அவர் போன பிறகும் குடும்பப் பென்ஷன் என்று மாதாமாதம் அவளுக்கு வருகிறது. கம்பெனிக்குப் போன உன் அப்பாவுக்கு இடுப்புவலி வருகிறது. சொல்லக்கூடாத ஒன்றைச் சொல்கிறேன், உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன். தாலி இழந்து நிற்பவளைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன். முதல் தேதி வந்தால் அவள் வீட்டில் பணம் விழுகிறது, என் வீட்டில் புருஷன் இருக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம் என்றுகூட ஒருநாள் நினைத்தேன். நினைத்த உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு அப்பாவுக்கு ஒரு டம்ளர் காபி போட்டுக் கொடுத்தேன், அவர் என்ன விசேஷம் என்று பார்த்தார்.

இனி என் கதைக்கு வருகிறேன். நான் செய்கிற சாமான் உனக்குத் தெரியும், காருக்கு அடியில் சைலன்சரைத் தொங்கவிடுகிற ரப்பர். கோட்டயத்திலிருந்து ரப்பர் வருகிறது, எங்கள் கம்பெனி அச்சில் வேகவைக்கிறது, நாங்கள் பிசிறு வெட்டி, ஓட்டை விரிசல் பார்த்து, பெட்டியில் அடுக்குகிறோம். அது சைலன்சர் செய்கிறவனுக்குப் போகிறது, அவன் அதைக் கோத்துக் கார் கம்பெனிக்கு அனுப்புகிறான். கல்யாணத்தில் மூன்றாவது பந்திக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி நாங்கள், முதல் பந்தியில் பாயசம் தீர்ந்துபோனது எங்களுக்குத் தெரிவதற்குள் இலையையே எடுத்துவிடுவார்கள். போன வருஷம்வரை இரண்டு ஷிப்ட், ஞாயிற்றுக்கிழமையும் ஓ.டி. இந்தச் சித்திரையில் ஓ.டி நின்றது, வைகாசியில் நைட் ஷிப்ட் நின்றது. என்னவென்று விசாரித்தால் மேலே பழைய மாடலை நிறுத்திவிட்டுக் கரண்ட் வண்டி போடப்போகிறார்களாம். கரண்ட் வண்டிக்குப் புகை இல்லை, புகை இல்லாவிட்டால் சைலன்சர் எதற்கு, சைலன்சர் இல்லாவிட்டால் என் ரப்பர் எதற்கு. அந்த வண்டிக்குப் பேட்டரி செய்கிற இடத்தில்தான் நீ கழுத்தில் அட்டையோடு நிற்கிறாய். உன்னைக் குற்றம் சொல்லவில்லையடி, ஆனால் லைனில் இருக்கிறவர்கள் உன் பெண் எங்கே வேலை செய்கிறாள் என்று கேட்டால் நான் இப்போதெல்லாம் குஜராத்தில் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

லைன் போனால் போகட்டும், எனக்குக் கவலை அதுவல்ல. பத்து வருஷம் பி.எஃப் பிடித்தால்தான் பென்ஷன், குறைந்தால் கட்டியதைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். நான் கம்பெனிக்குப் போக ஆரம்பித்து அதைவிட எத்தனையோ வருஷம் ஆகிறது, ஆனால் காண்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் செட்டில்மென்ட் என்று இருப்பதை வாங்கிவிடுவது எங்கள் எல்லோருக்கும் வழக்கம். செட்டில்மென்ட் வந்தால் ஒருத்தி பீரோ வாங்குவாள், ஒருத்தி பிள்ளைக்குக் காது குத்துவாள், உன் டிப்ளமோ முதல் வருஷம் அதில்தான் போனது. அப்படி எடுக்கும்போது பென்ஷன் கணக்கும் சேர்ந்து அழிந்துவிடுகிறது என்று எந்தக் காண்ட்ராக்டரும் சொன்னதில்லை. இப்போதைய காண்ட்ராக்டர் பெருமாள்சாமி வந்த பிறகுதான் ஒரே கணக்காக ஒன்பது வருஷம் தாண்டியது. ஆடி மாதக் கணக்கில் பத்து முடிய இன்னும் எட்டு மாதம். அது முடிகிற கையோடு எனக்கு ஐம்பத்தெட்டும் முடிந்துவிடும், அதற்குப் பிறகு வேறு இடத்தில் சேர்ந்து முதலிலிருந்து எண்ணமுடியாது. மாதம் இரண்டாயிரம் வந்தால் பெரிது, கிளியம்மாளுக்கு வருவது அதைப்போல ஆறேழு மடங்கு, ஆனாலும் என் பேரில், என் உழைப்புக்கு, என் கையில் ஒன்று வரவேண்டும் என்று பைத்தியம் பிடித்த மாதிரி இருந்தேன். பழைய வண்டிகள் ரோட்டில் ஓடுகிறவரை ஸ்பேர் பார்ட்ஸ் கொடுக்கவேண்டும் என்பது சட்டமாம், அதற்காக லைன் நின்ற பிறகும் நாலு பேரை வைத்துக்கொள்வார்கள். அந்த நாலில் நான் ஒருத்தி என்றுதான் நினைத்திருந்தேன், பிசிறு பார்ப்பதில் எனக்கு மேல் அங்கே யாரும் கிடையாது.

பெருமாள்சாமி யாரை எடுத்தான் தெரியுமா, கிளியம்மாளை. அவள் இரண்டு வருஷமாக எங்கள் லைனுக்கு வருவது உனக்குத் தெரியும், நான்தான் கூட்டிக்கொண்டுபோய்ச் சேர்த்தேன், பொழுது போகவில்லை என்றாள். சேர்ந்த அன்றைக்கே எனக்கு பி.எஃப் கி.எஃப் எல்லாம் வேண்டாம், மாதக் கடைசியில் கையில் கொடுத்துவிடுங்கள் என்று பெருமாள்சாமியிடம் சொல்லிவிட்டாள். காண்ட்ராக்டருக்கு இதைவிட என்ன வேண்டும், தன் பங்கு கட்டவேண்டியதில்லை, பதிவேட்டில் பேரே வேண்டியதில்லை. பி.எஃப் இல்லாதவள் மலிவு, பி.எஃப் உள்ளவள் விலை. அவளுக்கோ பென்ஷன் ஏற்கெனவே இருக்கிறது, எனக்குப் பென்ஷன் வருகிற இடத்தில் அவள் வந்து உட்கார்ந்துகொண்டாள். நான் பெருமாள்சாமியிடம் போய் நியாயம் கேட்டேன். அவன் சங்கரன்கோவில் பக்கத்து ஆள், பேச்சில் தாயி தாயி என்று தேன் ஒழுகும், கணக்கென்று வந்தால் கத்தி. மேலே இருக்கிறவன் ரேட்டைக் குறைத்துவிட்டான், நான் என்ன செய்ய தாயி, ஆவணியோடு உனக்குக் கணக்கு முடித்துத் தருகிறேன், செட்டில்மென்ட்டை வாங்கி ஒரு வளையல் போட்டுக்கொள் என்றான். அன்று ராத்திரி சுவருக்கு அந்தப் பக்கம் டிவி சத்தம் கேட்டது, எழுந்துபோய்ச் சுவரில் இரண்டு குத்துக் குத்தினேன். அப்பா என்னவென்று கேட்டார், கரப்பான் என்றேன்.

இப்போது ஆடிட் விஷயம் சொல்கிறேன், உங்கள் பெரிய கம்பெனிகளில் இதெல்லாம் இருக்காது. எங்களிடம் ரப்பர் வாங்குகிற மேல் கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு வருகிற அன்றைக்கு, பதிவேட்டில் பேர் இல்லாதவர்களை எல்லாம் பெருமாள்சாமி ஒரு வேனில் ஏற்றி வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு அனுப்பிவிடுவான். ஹாஸ்டலில் தங்கியிருக்கிற தெற்கத்திப் பெண்கள் பாதிப்பேர் அதில்தான் போவார்கள், அவர்களோடு கிளியம்மாளும். அர்ச்சனைத் தட்டு, புளிசாதப் பொட்டலம் எல்லாம் அவன் செலவு, அன்றைய சம்பளமும் உண்டு. ஆடிட்டர் வண்டி கேட்டைத் தாண்டிவிட்டது என்று போன் வந்ததும் திரும்பி வருவார்கள், நெற்றியில் விபூதியோடு. பதிவேட்டில் பேர் உள்ள நாங்கள் புது க்ளவுஸ், புது மாஸ்க் போட்டுக்கொண்டு, மேடம் கேட்டால் எல்லாம் ஒழுங்காகக் கிடைக்கிறது என்று சொல்லவேண்டும், அதற்கு முந்தின நாளே ஒத்திகை நடக்கும். இந்த ஆடியில் வந்த ஆடிட் அன்றைக்கும் அப்படித்தான், வேன் கிளம்பும்போது கிளியம்மாள் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து எனக்குக் கையைக் காட்டினாள். உனக்கும் சேத்து வேண்டிக்கினு வரேன் செந்தாமர என்றாள். அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு எனக்குக் காதில் மிளகாய்ப்பொடி தூவின மாதிரி இருந்தது.

ஆடிட்டுக்கு வந்தது ஒரு சின்னப் பெண், உன் வயதுதான் இருக்கும், தமிழ் நன்றாகப் பேசினாள். ஒவ்வொரு டேபிளாகப் பார்த்துக்கொண்டு வந்தவள் என் பக்கத்து ஸ்டூலைப் பார்த்து நின்றாள். கிளியம்மாள் உட்காருவதற்கு மெத்தென்று இருக்கட்டும் என்று ஒரு பழைய சேலையை நாலாக மடித்துப் போட்டு வைத்திருப்பாள், அவசரத்தில் அதை எடுக்க மறந்துவிட்டார்கள். இது யாருடையது என்று கேட்டாள். பெருமாள்சாமி பின்னால் நின்று என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினான். என்னுடையது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். எனக்கு வந்தது வேறு. "அது எங்க அக்காளுது மேடம். அவங்க வல்லக்கோட்டைல புளிசோறு துன்னுக்கினு கீறாங்க, சம்பளத்தோட. வேன் நெறைய போயிருக்காங்க, நான்தான் இங்க நின்னுக்கினு கீறேன்" என்றேன். நியாயத்துக்காகச் சொன்னேன் என்று ஊரில் சிலர் இப்போது என்னைப் பெரிய ஆள் ஆக்குகிறார்கள். நீ நம்பாதே. வேனில் இருந்த அந்தத் தெற்கத்திப் பெண்கள் ஒருத்தி முகம்கூட அப்போது என் நினைவில் இல்லை. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து கையாட்டினாளே, அந்தக் கைதான் இருந்தது.

அந்தப் பெண் என் பேரைக் கேட்டு எழுதிக்கொண்டாள், பிறகு கார் எடுத்துக்கொண்டு நேராகக் கோயிலுக்கே போய்விட்டாள். அப்புறம் நடந்ததைக் கேள். மேல் கம்பெனி எங்கள் பில்லை நிறுத்தி வைத்துவிட்டது. வேனில் போன அத்தனை பேரையும் பதிவேட்டில் ஏற்றி, பழைய பாக்கி பி.எஃப்பையும் கட்டினால்தான் பில், அதுவரைக்கும் இருக்கிற ஆள் ஒருவரையும் நிறுத்தக்கூடாது, முக்கியமாகத் தகவல் சொன்ன ஆளை மாடல் முடிகிறவரை தொடக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். மாடல் முடிய அடுத்த வைகாசி ஆகும். என் எட்டு மாதம் எனக்குக் கிடைத்துவிட்டது. பெருமாள்சாமி என்னிடம் வந்து, "ஏ தாயி, ஒரு பழஞ்சேலைக்கா இம்புட்டு?" என்று மட்டும் கேட்டான், நான் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தேன். ஹாஸ்டல் பெண்களில் வேல்விழி என்று ஒருத்தி, பிடித்தம் போகக் கையில் வருவது குறைந்துபோனது என்று என்னிடம் நாலு நாள் பேசவில்லை, பிறகு போனில் தன் பி.எஃப் கணக்கைப் பார்த்துவிட்டு வந்து ஒரு மிட்டாய் கொடுத்தாள். அதே காகிதத்தில் இன்னொன்றும் இருந்தது, ஐம்பத்தெட்டு தாண்டினவர்கள் லைனில் இருக்கக்கூடாது என்று. கிளியம்மாளுக்கு அறுபது. அன்றைக்கே அவளை அனுப்பிவிட்டார்கள். தன் சேலையை மடித்து எடுத்துக்கொண்டு போனாள். எனக்கு உள்ளுக்குள் பூ பூத்தது. வீட்டுக்குப் போய்ச் சேமியா பாயசம் வைத்தேன். அப்பா ஒரு வாய் வைத்துவிட்டு டம்ளரைத் தள்ளினார், "அண்ணி வயித்துல அடிச்சிட்டு வந்து பாயசம் காச்சறியே, இன்னாத்துக்குடி இது?" என்றார். அவளுக்கு என்ன, பென்ஷன் இருக்கிறது என்றேன்.

பத்துப் பதினைந்து நாள் சுவருக்கு அந்தப் பக்கம் டிவி சத்தமே இல்லை. எனக்கு அது முதலில் நன்றாக இருந்தது, பிறகு நன்றாக இல்லை. என் போனில் பி.எஃப் கணக்கு ஏறியிருப்பதை அவளிடம் காட்டிவிட்டு வரலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன், வேறு நல்ல எண்ணம் எதுவும் இல்லை. அவள் வாசலில் நின்று மருமகளிடம் சர்க்கரை மாத்திரைக்குக் காசு கேட்டுக்கொண்டிருந்தாள். மருமகள், அவர் வரட்டும் அத்தை, வண்டிக்கு டீசல் போட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் நின்றதைப் பார்த்ததும் கிளியம்மாளுக்கு முகம் சுண்டிப்போனது, என்னை ரோடுவரைக்கும் அழைத்துக்கொண்டு போனாள். "பேங்கு கார்டு ரகுகிட்ட கீது செந்தாமர. பணம் வுழுந்தா மெசேஜும் அவன் போனுக்குத்தான் போவுது. எவ்ளோ வருதுன்னே எனக்குத் தெரியாது. கம்பெனிக் காசு ஒண்ணுதான் என் கைக்கு வந்தது. பி.எஃப் புடிச்சா பேங்குல போடுவாங்க, அதுவும் அவனுக்குத் தெரிஞ்சிரும்னுதான் வேணாம்னேன்" என்றாள். இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை, ரோட்டில் போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

அவள் பிள்ளை, உன் அண்ணன் ரகு கெட்டவன் இல்லை, அது உனக்கும் தெரியும். பெரியப்பா போனதும் கம்பெனிகளுக்குச் சாமான் ஏற்ற ஒரு குட்டி யானை வண்டி வாங்கினான். பென்னலூரில் ஏற்றி வாலாஜாபாத்தில் இறக்கினால் வாடகை அன்றைக்கே வருமா, மூன்று மாதம் கழித்து வருகிறது, மேலே இருக்கிறவன் கொடுத்தால்தான் கீழே இருக்கிறவன் கொடுப்பான். அதுவரைக்கும் வண்டிக்குத் தவணை யார் கட்டுவது, டீசல் யார் போடுவது, அம்மாவின் பென்ஷன்தான். மதகு திறந்த மனுஷனின் பென்ஷனில் கார் கம்பெனிச் சாமான் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது, கம்பெனிக்காரனுக்கு இது தெரியுமா. இதையெல்லாம் கேட்டு எனக்கு அவள்மேல் இரக்கம் வந்ததா என்றால் வந்தது, ஆனால் முதலில் வந்தது என்ன தெரியுமா, மறுபடியும் பொறாமைதான். பிடுங்கிக்கொள்வதற்காவது அவளிடம் ஒன்று இருக்கிறதே, என்னிடம் பிடுங்க வந்தால் இவர் இடுப்புக்குத் தடவுகிற தைலம்தான் இருக்கிறது என்று நினைத்தேன். ஆடிட்டுக்கு அந்தப் பெண் மறுபடி வந்து கேட்டாலும் நான் அதையேதான் சொல்வேன், எட்டு மாதத்தை என்னால் விடமுடியாது. ஆனால் அன்றைக்கு அப்புறம் நான் பாயசம் வைக்கவில்லை.

அன்றைக்கு ரோட்டில் நின்றே அவளைத் திட்டினேன். ஏன் அக்கா வாயில் என்ன வைத்திருக்கிறாய், கார்டைக் கொடு என்று கேட்கத் தெரியாதா என்றேன். பெற்ற பிள்ளையிடம் எப்படிக் கேட்பது, கொடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டால் நான் எங்கே போவேன் என்றாள். அப்போதுதான் எனக்கு நேர்காணல் ஞாபகம் வந்தது. பென்ஷன் வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை உயிரோடு இருக்கிறேன் என்று காட்டவேண்டும், இப்போது கருவூலத்துக்கு அலையவேண்டாம், தபால்காரரே மிஷினைக் கொண்டுவந்து விரல் ரேகை எடுத்துக்கொண்டு போவார். ரேகை வைக்காவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். அவளுக்குப் புரட்டாசியில் முறை. அக்கா, கார்டு அவனிடம் இருக்கலாம், விரல் உன்னிடம்தானே இருக்கிறது என்றேன். அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இவளாவது செய்வதாவது என்று நானும் விட்டுவிட்டேன்.

புரட்டாசியில் தபால்காரர் வந்த அன்று எனக்கு லீவு, நானும் அவள் வீட்டுக்குப் போய் நின்றேன். மிஷினை ஸ்டூல்மேல் வைத்தார், ரகு பக்கத்தில் நின்று ஆதார் நம்பர் சொன்னான், அம்மா வா என்றான். கிளியம்மாள் வந்து உட்கார்ந்தாள், வலது கையை முந்தானைக்குள் சுற்றி வைத்துக்கொண்டாள். "கார்ட குடு, வெரல வெக்கறேன்" என்றாள். சத்தமில்லாமல், சோறு போடட்டுமா என்று கேட்கிற குரலில் சொன்னாள். ரகுவுக்கு முதலில் புரியவில்லை, சிரித்தான். அவள் மறுபடியும் அதையே சொன்னாள். தபால்காரர் பாவம், எனக்கு அடுத்த தெருவில் ஒரு வீடு இருக்கிறது, போய்விட்டு வருகிறேன் என்று எழுந்தார், நான்தான் சும்மா உட்காருங்கள் என்றேன். ரகு என்னைத் திரும்பிப் பார்த்து, நீ சொல்லிக் குடுத்தியா சித்தி என்று கேட்டான். ஆமாம் என்றேன். வண்டித் தவணை நின்றால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், அப்புறம் எல்லோரும் என்ன சாப்பிடுவது என்று கத்தினான். தவணையை நானே எடுத்து நானே கட்டுகிறேன், மீதியை நான் வைத்துக்கொள்கிறேன் என்றாள் அவள். அவன் உள்ளே போனான், ரொம்ப நேரம் வரவில்லை, எனக்கே பயமாகிவிட்டது. பிறகு வந்து கார்டை மிஷின் பக்கத்தில் வைத்துவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கார்டை எடுத்து மடியில் செருகிக்கொண்ட பிறகுதான் அவள் விரலை வெளியே எடுத்தாள். இத்தனை வருஷம் பாத்திரமும் இரண்டு வருஷம் ரப்பரும் தேய்த்து ரேகை அழிந்துபோயிருந்தது, நாலாவது தடவைதான் மிஷின் எடுத்தது.

போன முதல் தேதிக்கு என்னையும் கூப்பிட்டுக்கொண்டு வாலாஜாபாத் ஏ.டி.எம்முக்குப் போனாள். தவணையைத் தனியாக, செலவைத் தனியாக எடுத்துப் பையில் வைத்தாள், மாத்திரை வாங்கினாள், தனக்கென்று புது சிம் வாங்கினாள், எனக்குப் பன்னீர் சோடா வாங்கிக்கொடுத்தாள். குடித்தேன், குடிக்கக் குடிக்க வயிறு எரிந்தது. கார்டு ரகுவிடம் இருந்தபோதாவது அவள் பாவம் என்று சொல்லிக்கொள்ளலாம், இப்போது அதுவும் போச்சு, நானே பேசி நானே வாங்கிக் கொடுத்திருக்கிறேன். பஸ்ஸில் வரும்போது ஜன்னல் ஓரம் நீ உட்கார் என்றாள், நான் வேண்டாம் என்றேன், அவள் உட்கார்ந்துகொண்டாள். நேற்றிலிருந்து டிவி சத்தம் மறுபடி கேட்கிறது.

சரி, உனக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். கம்பெனி மாறினால் பி.எஃப்பை எடுக்காதே, எவன் என்ன சொன்னாலும் மாற்றிக்கொண்டு மட்டும் போ. தலைக்கு எண்ணெய் வை, போட்டோவில் முடி வறண்டு கிடக்கிறது. அப்புறம் ஒரு கேள்வி. உன் சம்பளம் விழுந்தால் மெசேஜ் யார் போனுக்கு வருகிறது, கார்டு யாரிடம் இருக்கிறது. ஆனியில் அப்பாவின் ஸ்கேனுக்குப் பணம் கேட்டபோது, அவரிடம் சொல்லி அனுப்பச் சொல்கிறேன் அம்மா என்றாய், அப்போது எனக்கு அது நல்ல வார்த்தையாகத்தான் பட்டது. மாப்பிள்ளை தங்கமானவர், நான் ஒன்றும் தப்பாக நினைக்கவில்லை, ரகுவையும்தான் தங்கம் என்று நினைத்திருந்தோம். இதைப் போனில் கேட்டால் நீ ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு எல்லாம் நல்லா இருக்கேம்மா என்பாய், அதனால் இந்தக் கடிதத்தை மிளகாய்த்தூள் பாக்கெட்டுக்குள் வைத்து ஒட்டுகிறேன், அதை நீதான் பிரிப்பாய். கார்டு உன்னிடமே இருக்கிறது என்றால் சந்தோஷம், அதைப் பார்த்தும் நான் கொஞ்சம் பொறாமைப்பட்டுக்கொள்கிறேன். இல்லை என்றால் காரணம் எதுவும் எழுதவேண்டாம், அவரை விட்டுக்கொடுக்காமல் பேசவும் வேண்டாம், இல்லை என்று ஒரு வார்த்தை மட்டும் எழுது. நானும் உன் பெரியம்மாவும் நவஜீவன் ரயிலில் ஏறி அங்கே வந்து நிற்போம். டிக்கெட் செலவை நினைக்காதே, அதை அவள் எடுப்பாள், பென்ஷன்காரி அவள்தானே.

நீயும் மாப்பிள்ளையும் குறைவில்லாமல் இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு, அப்பாவின் ஆசியோடு,

உன் அம்மா
டி. செந்தாமரை